துணி டயப்பர் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, எங்கே தவறு செய்கிறேன்?

நொய்யல்கரை (கோவை), மார்ச் 3, இரவு 11.40

எங்கள் பெண்ணுக்கு நான்கு மாதம் ஆகிறது. பிறந்தது முதல் கடையில் வாங்கும் டயப்பர்தான். ஒன்று பன்னிரண்டு ரூபாய், நாளைக்கு ஆறு என்று வைத்தாலும் மாதம் 2,160 ரூபாய். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் காலையில் குப்பை வண்டிக்கு எடுத்து வைக்கும் அந்தக் கனத்த பொதியைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் போன மாதம் துணி டயப்பர் பன்னிரண்டு வாங்கினேன். உள்ளே செருகும் பேட்களோடு சேர்த்து 4,800 ரூபாய்.

மூன்று மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் வீட்டில் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிசயம். நேற்று ஒரே நாளில் என் மடி நான்கு முறை, மெத்தை இரண்டு முறை, ஊரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்த சித்தப்பாவின் வேட்டி ஒரு முறை. போதாக்குறைக்கு ஒரு வாரமாகத் துவைத்துக் காய்ந்த பேடிலும் ஒரு நெடி அடிக்கிறது.

நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். வந்த அன்று எல்லாவற்றையும் ஒரு முறை அலசிக் காயவைத்தேன். மெஷினில் போர்த் தண்ணீரில் துவைக்கிறேன். குழந்தைக்கு ஆகாது என்று சோப்புத்தூள் ஒரு சிட்டிகைதான். கடைசி அலசலில் மென்மைக்கும் மணத்துக்கும் துணியை மிருதுவாக்கும் திரவம் ஒரு மூடி. தோல் சிவந்துவிடுமோ என்ற பயத்தில் மாற்றும்போதெல்லாம் கிரீம் பூசுகிறேன்.

"இத்தனை பணத்தைக் கொட்டியதற்கு மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருக்கலாம்" என்று அத்தை மூன்று முறை சொல்லிவிட்டார். நான்காவது முறை சொல்வதற்குள் யாராவது வழி சொல்லுங்கள்.

வடசேரிக்காரி (நாகர்கோவில்), மார்ச் 4, காலை 6.15

தங்கச்சி, நீங்கள் எழுதிய ஒரே பத்தியில் நான்கு தவறு இருக்கிறது. நானும் அதே நான்கையும் செய்துவிட்டு, டயப்பர் சரியில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போனவள்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பேட் ஒன்றை மேசையில் விரித்து, விரலை நனைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் துணியில் குற்றமில்லை, கட்டும் முறையில்தான் குற்றம். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் துணி குடிக்க மறுக்கிறது என்று அர்த்தம். விடையை எழுதுங்கள், பிறகு பேசலாம்.

நொய்யல்கரை, மார்ச் 4, காலை 9.05

அக்கா, உருண்டுதான் நின்றது! குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். பதினேழு எண்ணும்வரை முத்துப் போல நின்றது, அதன் முதுகில் டியூப்லைட் கூடத் தெரிந்தது. பிறகு மெல்லச் சரிந்து பேடின் ஓரம் வழியாக மேசைக்கு ஓடிவிட்டது. இதுதான் தினமும் என் மடிக்கு ஓடிவருகிறது என்பது இப்போதுதான் புரிகிறது.

வடசேரிக்காரி, மார்ச் 4, பிற்பகல் 2.30

நினைத்தேன். இனி ஒவ்வொன்றாக.

பருத்தி, சணல் இழைகளில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஒரு முறை அலசினால் போகாது. நாலைந்து முறை சோப்புத்தூள் போட்டுத் துவைத்துக் காயவைத்த பிறகுதான் பேட் முழுசாகக் குடிக்கப் பழகும். புது மண்பானையைப் பழக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிருதுவாக்கும் திரவத்தை இன்றே தூக்கிப் போடுங்கள். அது செய்வதே இழையின்மேல் வழுவழுப்பாக ஒரு பூச்சு பூசுவதுதான். சட்டைக்கு நல்லது, நீரை உறிஞ்ச வேண்டிய துணிக்கு விஷம். கிரீமும் அப்படியே. தோலில் பூசியது பேடில் ஒட்டிக்கொள்ளும். கட்டாயம் பூச வேண்டிய நாளில் நடுவே ஒரு மெல்லிய மல் துணியைப் போட்டுவிடுங்கள், அது கறைபட்டால் பரவாயில்லை.

சிட்டிகை சோப்புத்தூள்தான் எல்லாரும் பாசத்தால் செய்யும் தவறு. தூள் குறைந்தால் மூத்திரம் முழுசாகப் போகாது. மிச்சம் நிற்பது அம்மோனியாவாகி அந்த நெடியைக் கொடுக்கும். அளவாகப் போட்டு நன்றாக அலச வேண்டும், அவ்வளவுதான். அதோடு உங்கள் போர்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு பாதி வேலையைத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவழித்துவிடும். கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகத் துணியில் உட்காரும். கட்டிச் சோப்பு என்றால் இன்னும் மோசம். சலவைச் சோடா ஒரு கரண்டி சேர்த்துத் துவையுங்கள், கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் இரண்டு வாளி எடுத்து வையுங்கள்.

இப்போது இருக்கும் பேட்களை மட்டும் நல்ல சூடான தண்ணீரில், முழு அளவு தூள் போட்டு ஒரு முறை துவைத்து, நுரை வராதவரை அலசுங்கள். மேலுறையைக் கொதிநீரில் போட்டுவிடாதீர்கள். அதன் உள்பக்கம் ஈரம் கசியாமல் காக்கும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. சூட்டில் அது உரிந்தால் பிறகு சல்லடைதான்.

கட்டும்போது தொடை ரப்பர் தொடையின்மேல் அல்ல, ஜட்டி ஓரம் உட்காரும் இடுக்கில் உட்கார வேண்டும். பேடின் நுனி நூலளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் விளக்குத் திரி போல ஈரத்தை இழுத்து உடுப்புக்குக் கொடுத்துவிடும்.

தென்மராட்சி (யாழ்ப்பாணம்), மார்ச் 4, இரவு 8.10

உப்புத் தண்ணீர் என்றதும் வந்துவிட்டேன். எங்கள் மண் முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்று நீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரித்தான் வரும். என் மகனின் துணிகள் மூன்று மாதத்தில் அட்டை போல விறைத்துவிட்டன. அம்மம்மாதான் வழி சொன்னார். கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு அதையே பயன்படுத்தினோம். மழைநீரைப் போல மென்மையான நீர் கிடையாது. மாரியில் துணி காயாது என்பது துன்பம், ஆனால் அலசுவதற்கு மாரியே வரம்.

வார்டு_செவிலி (திருச்சி), மார்ச் 5, காலை 7.50

குழந்தைகள் வார்டில் 22 ஆண்டுகளாகப் பணி. சிவந்துபோவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

துணியால் சிவக்கிறது, பிளாஸ்டிக்கால் சிவக்கிறது என்று இரண்டு கட்சி உண்டு. இரண்டும் பாதி உண்மை. ஈரமும் உராய்வும் தோலை ஊறவைக்கின்றன. மலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும்போது தோலின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது மலத்தில் உள்ள செரிமான நொதிகள் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஆகவே எதைக் கட்டினீர்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் விட்டுவைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. கடை டயப்பரில் இருக்கும் பாலிமர் ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால் தோல் காய்ந்தே இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காய்ந்த உணர்வை நம்பி எட்டு மணி நேரம் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். துணி கட்டினால் ஈரம் உடனே தெரியும், குழந்தையும் அழும், நீங்களும் மாற்றுவீர்கள். துணியின் நன்மை பெரும்பாலும் அந்த அழுகையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. தாய்ப்பால் போதுகிறதா என்று கேட்டு வரும் தாய்மாரிடம் நாங்கள் முதலில் கேட்பது, நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்பதைத்தான். முதல் வாரத்துக்குப் பிறகு ஆறு முறையாவது நனைக்க வேண்டும். துணி கட்டும் வீட்டில் பாட்டிகூட விரல்விட்டுச் சொல்லிவிடுவார். மற்ற வீட்டில் தாயும் தந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

தொடை இடுக்கில் அடர் சிவப்பாக, சுற்றிலும் சிறுசிறு புள்ளிகளோடு இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கிரீமை மாற்றி மாற்றிப் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். துணியைக் கிருமிநாசினித் திரவத்தில் முக்கி எடுக்கும் பழக்கம் வேண்டாம், அந்த மிச்சமே தோலை எரிக்கும். பவுடர் அறவே வேண்டாம், அது குழந்தையின் மூச்சுக்குள் போகிறது. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் விரிப்பில் விடுங்கள். இதற்கு விலை கிடையாது.

கணக்குப்பிள்ளை (சென்னை, வேளச்சேரி), மார்ச் 5, இரவு 10.20

எல்லாரும் துணிக்குப் பல்லாண்டு பாடுகிறீர்கள், ஒருவராவது மறுபக்கம் சொல்ல வேண்டாமா? பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளுக்குத் தூக்கி எறியும் டயப்பர் கட்டினால் 550 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான பாதிப்பு. துணி கட்டினால் 570 கிலோ. துணிதான் கூடுதல்!

கணக்கை விடுங்கள், அனுபவத்துக்கு வருகிறேன். என் மூத்தவன் 2019 தொடக்கத்தில் பிறந்தான். அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. எங்கள் குடியிருப்பில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி தண்ணீர். லாரி வரும் நேரத்தைப் பார்த்து நாங்கள் குளித்தோம். அப்போது துணி டயப்பர் என்று யாராவது என் மனைவியிடம் சொல்லியிருந்தால் வாளியாலேயே அடித்திருப்பாள்.

வடசேரிக்காரி, மார்ச் 6, காலை 5.55

அண்ணா, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அதே ஆய்வில் மீதியும் இருக்கிறது. வெயிலில் காயவைத்து, மெஷினை நிறைத்துத் துவைத்து, அதையே இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் துணியின் பாதிப்பு 40 சதவீதம் குறைகிறது. எல்லாவற்றையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் 43 சதவீதம் கூடுகிறது. அவர்கள் ஊரில் வெயிலுக்குத் தவம் கிடக்கிறார்கள். நம் மொட்டை மாடியில் ஏப்ரல் மாதம் துணியைப் போட்டுவிட்டுக் கீழே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறையைச் சோப்பு எடுக்காவிட்டாலும் வெயில் எடுத்துவிடும். ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், மாலையில் கறை எங்கே என்று தேடுவீர்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில் கட்டாதீர்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த 2019 கோடையில் நானாக இருந்தாலும் கட்டியிருக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை, மார்ச் 6, காலை 9.30

மீதிக் கணக்கை நான் படிக்கவில்லை, உண்மைதான். ஆனால் இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் என்று போட்டிருக்கிறார்களே, அதை என் மனைவியிடம் நீங்களே பேசுங்கள்.

கீழவெளி_வீதி (மதுரை), மார்ச் 6, மாலை 4.45

பேத்தி சொல்லித்தான் இந்தப் பக்கம் வந்தேன், வயது 68. "அந்தக் காலத்தில் எல்லாம் துணிதானே கட்டினார்கள், உங்களுக்கு என்ன கஷ்டம்" என்று இளம்பெண்களிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

என் தலைப்பிள்ளை 1979இல் பிறந்தது. உசிலம்பட்டிப் பக்கம் புகுந்த வீடு. பிள்ளை பெற்ற வீட்டுத் துணியை வீட்டார் யாரும் தொட மாட்டார்கள். கொல்லைப்புறம் ஒரு மூலையில் பிரம்புக் கூடை இருக்கும், அதில் எட்ட நின்று போட வேண்டும். சலவைத் தொழில் செய்யும் குடும்பத்து அம்மா ஒருவர் விடியற்காலையில் வந்து எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போவார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நாங்கள் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுவோம். வாசல்படி ஏற மாட்டார். கூலி என்று காசு கிடையாது. அறுப்புக்கு நெல், நாள் தப்பாமல் ராத்திரிச் சோறு, தீபாவளிக்குப் பலகாரம். வெளுத்த துணியை மடித்துத் திண்ணை ஓரம் வைத்துவிட்டுப் போவார். நான் எடுத்துக் கட்டுவேன். துணி கட்டுவது ஒரு வேலையே இல்லை என்று அப்போது நானும் நினைத்திருந்தேன்.

இரண்டாவது பிள்ளை 1983இல், மதுரை டவுனில், ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருந்த வீட்டில். அங்கே கூடையும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. மார்கழி விடியலில் குழாயடியில் குந்தி உட்கார்ந்து இருபது துணி கசக்குவேன். விரல் இடுக்கில் வெடிப்பு விழுந்து, மிளகாய் அரைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். முதல் பிள்ளைக்கு அந்த அம்மா எத்தனை துணி துவைத்திருப்பார், எத்தனை வீட்டுக்குத் துவைத்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். அவர் கையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதனால் 2004இல் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது கடை டயப்பர் வாங்கச் சொன்னவள் நான்தான். சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துவைப்பது யார் என்று முடிவு செய்துவிட்டுத் துணி வாங்குங்கள்" என்றேன். இங்கே துணி நல்லது என்று எழுதுகிற எல்லாரையும் அதையே கேட்கிறேன். உங்கள் வீட்டில் துவைப்பது யார்?

சரி, கோபத்தை விட்டுவிட்டு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். கோவைப் பெண்ணே, உன் மாமியார் சொன்ன வேட்டி யோசனையைச் சிரித்துத் தள்ளிவிடாதே. எட்டு முழ வேட்டி ஒன்றில் கைக்குட்டையைப் போல ஒன்றரை மடங்கு நீள அகலத்தில் பன்னிரண்டு சதுரம் கிழிக்கலாம். பழைய வேட்டி நூறு முறை வெளுத்தது, கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் என்றோ போய்விட்டது. நீ நாலைந்து முறை துவைத்துப் பழக்க வேண்டியதே இல்லை. சதுரத்தை நான்காக மடித்து, பிறகு நீளவாக்கில் மூன்றாக மடித்தால் பேட் ஆகிவிட்டது. உன் கடை மேலுறைக்குள் அதை வை. பெண் குழந்தைக்கு நடுவில் மடிப்புக் கூடுதலாக வர வேண்டும், பையனுக்கு முன்னால். பிரித்து உதறிக் காயப்போட்டால் ஒற்றைத் துணி ஒரு மணி நேரத்தில் காயும். தைத்து மொத்தையாக இருக்கும் பேட் பகல் முழுக்கத் தொங்கும்.

நொய்யல்கரை, மார்ச் 6, இரவு 11.15

அம்மா, உங்கள் பதிவை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வேட்டிப் பகுதி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வந்ததும் எழுந்து போய் மாமாவின் பீரோவைத் திறந்துவிட்டார்.

துவைப்பது யார் என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான விடை: இதுவரை நான். குழந்தை தூங்கும் நேரத்தில். இன்னும் இரண்டு மாதத்தில் பேறுகால விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு யார் என்று நாங்கள் பேசவே இல்லை. பேசாமலே அது அத்தை தலையில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெருங்குடி_பையன் (சென்னை), மார்ச் 7, இரவு 12.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மதுரை அம்மா கேட்ட கேள்வியின் அடுத்த பாதியை நான் கேட்கிறேன். கடை டயப்பரைத் துவைக்க ஆள் வேண்டாம், சரி. அதைப் பிரிக்க ஆள் வேண்டுமே?

என் அம்மா மக்காத குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தார். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரையும் நாப்கினையும் தனியாகப் பொதிந்து மக்காத குப்பைத் தொட்டியில் போடச் சொல்லின. உறை கொடுக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு என்றும் சொல்லின. நடைமுறையில் செய்தித்தாளில் சுற்றிப் பால் கவர்களுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே போடுகிறார்கள். அதுவும் நல்ல வீடுகளில். பழைய பேப்பர் என்று நினைத்து அம்மா பிரிப்பார். உள்ளே இருப்பது இரண்டு நாள் ஊறியது. மழைக்காலத்தில் அது வெடித்துக் கிடக்கும். ஜவ்வரிசிக் கஞ்சி போலக் குழகுழவென்று கையில் ஒட்டும், உதறினாலும் போகாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைத்ததில்லை.

டயப்பர் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் தங்கை குழந்தைக்கும் அதுதான் கட்டுகிறோம், துவைக்க நேரமில்லாத வேலை அவளுடையது. ஆனால் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, இறுகச் சுருட்டி, தனிப் பையில் போட்டு, சிவப்பு மையால் பெரிதாக ஒரு புள்ளி வையுங்கள். புனேயில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவான ஸ்வச் இந்தச் சிவப்புப் புள்ளியைத்தான் வீடு வீடாகக் கேட்டது. அரை நிமிட வேலை. பையை எடுப்பவர் பிரித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்.

கணக்குப்பிள்ளை, மார்ச் 7, காலை 8.00

தம்பி, செய்தித்தாளில் சுற்றிப் போட்டு நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இன்று காலையில் மகனின் ஓவியப் பெட்டியிலிருந்து சிவப்பு மார்க்கர் எடுத்துக் குப்பைத் தொட்டிக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

புதுத்_தகப்பன் (ஈரோடு), மார்ச் 9, இரவு 9.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மலம் கழித்த துணியை என்ன செய்வது என்று ஒருவரும் விளக்கவில்லை. எனக்குக் குமட்டுகிறது.

வடசேரிக்காரி, மார்ச் 9, இரவு 9.40

தம்பி, திட உணவு தொடங்கும்வரை பயம் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் தானே கரையும். கழிப்பறையில் கைக்குழாயால் பீச்சி அடித்தால் போதும். ஆறு மாதத்துக்குப் பிறகு கெட்டியாகிவிடும், தட்டினால் விழும். பீச்சி அடித்ததைப் பிழிந்து, காற்றோட்டமான கூடையில் போட்டு மறுநாள் துவையுங்கள். வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போடாதீர்கள், தெருவே எழுந்துவரும். முதல் ஓட்டம் வெறும் தண்ணீர், இரண்டாவது ஓட்டம் தூள் போட்டு, பிறகு அலசல். குமட்டல் பத்து நாளில் போய்விடும். எங்களுக்கும் பிறக்கும்போதே அந்த மூக்கு இல்லை.

நொய்யல்கரை, ஏப்ரல் 2, இரவு 10.50

ஒரு மாதம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுத வேண்டாமா?

பேட்களைச் சூடான தண்ணீரில் துவைத்தபோது மேலே எண்ணெய் ஏடு படிந்ததைக் கண்ணால் பார்த்தேன். கிரீம், திரவம் எல்லாம் சேர்ந்த என் ஒரு மாதச் சேமிப்பு. மூன்றாவது முறை துவைத்த பிறகு சொட்டு விட்டேன், விரலை எடுப்பதற்குள் குடித்துவிட்டது. இப்போது பகலில் இரண்டு மணி நேரம், சில சமயம் இரண்டரை. மூன்று மணி நேரம் என்று அட்டையில் இருப்பது எந்த ஊர்க் குழந்தைக்கோ தெரியவில்லை. நெடி போய்விட்டது.

மாமாவின் வேட்டிச் சதுரங்கள் பன்னிரண்டும் மேலுறைக்குள் போய்விட்டன. பகலில் அதுதான் அதிகம் கட்டுகிறோம், கடை பேட் வெளியே போகும்போது. இரவுக்குக் கடை டயப்பர் ஒன்று. ஆம், ஒன்று மட்டும். இரவில் இரண்டு முறை எழுந்து மாற்றி இரண்டு வாரம் பார்த்தேன், எனக்குத் தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம். அந்த ஒன்றைத் தனிப் பையில் சிவப்புப் புள்ளியோடு வைக்கிறேன். குப்பை வண்டி அக்கா முதல் நாள் "இது என்ன பொட்டு" என்று கேட்டார். சொன்னதும் தன் வண்டியில் ஒரு பழைய வாளியைத் தனியாகக் கட்டிக்கொண்டார். எங்கள் தெருவில் இப்போது ஏழு வீடு பொட்டு வைக்கிறது.

துவைப்பது என் கணவர். பேசி முடிவு செய்ய மூன்று நாள் ஆனது, அதில் ஒரு நாள் பேச்சே இல்லை. முதல் வாரம் மேலுறையையும் பேடையும் பிரிக்காமலே மெஷினில் போட்டார். இரண்டாவது வாரம் மேலுறைகளை மதிய வெயிலில் வறுத்தெடுத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். இப்போது சலவைச் சோடா தீர்ந்துவிட்டது என்று அவரே கடைப் பட்டியலில் எழுதுகிறார். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் "நீங்களா இதையெல்லாம்" என்று கேட்டாராம். என்ன சொன்னீர்கள் என்றேன். "வெயில் நன்றாக இருக்கிறது என்றேன்" என்றார்.

கீழவெளி_வீதி, ஏப்ரல் 3, காலை 6.30

மேலுறையை வறுத்தெடுத்தானா, பரவாயில்லை. நான் பட்டுப்புடவையை ஊறவைத்தவள். நிழலில் போடச் சொல்.

நொய்யல்கரை, அடுத்த ஆண்டு ஜூலை 14

இந்தப் பழைய உரையாடலைத் தூசி தட்டுகிறேன். மகளுக்கு இருபது மாதம் முடிந்துவிட்டது. பகலில் கையைப் பிடித்து இழுத்துக் கழிப்பறையைக் காட்டுகிறாள், துணி டயப்பரின் தேவை ஏறக்குறைய முடிந்தது. ஈரம் தெரிந்து வளர்ந்ததால் சீக்கிரம் பழகினாள் என்பது அத்தையின் கட்சி. எனக்குத் தெரியாது, ஒரே ஒரு குழந்தையை வைத்து நான் என்ன சொல்வது.

மேலுறை பன்னிரண்டில் பத்து கொடுப்பதற்கு இருக்கிறது. ஏழு நல்ல நிலை. இரண்டில் தொடை ரப்பர் தளர்ந்திருக்கிறது, ரப்பர் மாற்றித் தைக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் பூச்சு உரிந்துவிட்டது (அந்த வறுத்தெடுத்த வாரம்), அது பொம்மைக்குத்தான் ஆகும். பேட் இருபது. விலை வேண்டாம். வேட்டிச் சதுரங்களை அத்தை தர மாட்டேன் என்கிறார், நாத்தனார் உண்டாகியிருக்கிறார். மாமா தன் மிச்ச வேட்டிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார்.

கோவைக்குள் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மேசையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்திருப்பேன், சொட்டு விட்டுப் பார்த்துவிட்டே வாங்கிப் போங்கள்.